குடிநோயும் சிந்தனைத் திரிபும்: நோயாளிகளும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

காலையில் "இனி குடிக்க மாட்டேன்" என்று கண்ணீருடன் உறுதி கூறியவர், அன்று மாலையே குடித்துவிட்டு வீடு திரும்புவதைப் பல குடும்பங்கள் கண்டிருக்கும். "காலையில் சொன்னது பொய்யா?" என்ற கேள்வி அப்போது எழுவது இயல்பு. பெரும்பாலும் அது பொய்யன்று. காலைக்கும் மாலைக்கும் இடையில் அவருடைய மனத்தில் சில எண்ணங்கள் தோன்றுகின்றன. "இன்று மட்டும்", "கொஞ்சம்தான்", "வேலை அப்படி", "யார்தான் குடிக்கவில்லை" என்பன போன்ற அவ்வெண்ணங்கள் அந்த நேரத்தில் அவருக்கு முற்றிலும் நியாயமாகவே தோன்றுகின்றன. இவற்றையே சிந்தனைத் திரிபுகள் என்கிறோம்.

இந்தத் திரிபுகள் எவ்வாறு உருவாகின்றன, இவற்றை எவ்வாறு அடையாளம் காண்பது, மீட்சியின் ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வாறு எதிர்கொள்வது என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

குடிநோய் என்றால் என்ன?

மது அருந்தும் அனைவரும் குடிநோயாளிகள் அல்லர். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு மதுச்சார்பு நோயை மூன்று அடையாளங்களைக் கொண்டு வரையறுக்கிறது.

1. எப்போது தொடங்குவது, எவ்வளவு குடிப்பது, எப்போது நிறுத்துவது என்பதில் கட்டுப்பாட்டை இழத்தல்.
2. குடும்பம், தொழில், உடல்நலம் ஆகியவற்றைவிட மதுவுக்கு முதலிடம் அளித்தல்; கேடு நேர்ந்த பின்னும் தொடர்தல்.
3. உடல் மதுவுக்குப் பழகிவிடுதல்: அதே போதைக்கு அதிக அளவு தேவைப்படுதல், நிறுத்தினால் நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை போன்றவை தோன்றுதல்.

இவற்றுள் இரண்டோ அதற்கு மேலோ தொடர்ந்து காணப்பட்டால் அது சிகிச்சை தேவைப்படும் நோயாகும். மத்திய சமூக நீதி அமைச்சகத்திற்காக நடத்தப்பட்டு 2019இல் வெளியிடப்பட்ட தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் 5.7 கோடிக்கும் மேற்பட்டோர் மதுவால் ஏற்படும் சிக்கல்களுக்கு உதவி தேவைப்படும் நிலையில் உள்ளனர். மதுச்சார்பு நோய் உடையவர்களில் ஏறத்தாழ 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சையைப் பெற்றதாக அதே ஆய்வு கூறுகிறது. எஞ்சியோர் சிகிச்சைக்கு வராமைக்குப் பல காரணங்கள் உண்டு. "எனக்கு நோய் எதுவும் இல்லை" என்ற எண்ணம் அவற்றுள் முக்கியமானது.

சிந்தனை ஏன் திரிகிறது?

முதற்காரணம் மூளையில் ஏற்படும் மாற்றம். மது, மூளையில் இன்பத்தையும் ஊக்கத்தையும் உணர்த்தும் மையங்களைத் தூண்டுகிறது. நாள்தோறும் தூண்டப்படும் மூளை, மதுவை உணவுக்கும் நீருக்கும் இணையான தேவையாகப் பதிவு செய்துகொள்கிறது. விளைவுகளை எண்ணிப் பார்த்துத் தடுத்து நிறுத்தும் முன்மூளையின் செயல்பாடோ குறைகிறது. எனவே வேட்கை முன்னே செல்ல, காரணம் கற்பிக்கும் அறிவு அதன் பின்னே செல்கிறது.

இரண்டாவது காரணம், உடனடி விளைவுக்கும் பிற்கால விளைவுக்கும் உள்ள இடைவெளி. குடித்த சில நிமிடங்களில் பதற்றம் தணிகிறது. கல்லீரல் பாதிப்போ கடனோ மாதங்களும் ஆண்டுகளும் கழித்தே தெரிகிறது. மனம் முதலில் கிடைத்ததையே உண்மை என்று ஏற்கிறது.

மூன்றாவது காரணம் வெட்கம். தாம் நேசிப்பவர்களுக்குத் தம்மாலேயே துன்பம் நேர்கிறது என்பதை ஒப்புக்கொள்வது எவருக்கும் கடினம். அந்த வலியிலிருந்து தப்ப மனம் உண்மையைச் சிறிதாக்குகிறது, மறுக்கிறது, அல்லது பிறர்மீது சுமத்துகிறது. ஆகவே அவமதிப்பும் ஏச்சும் திரிபைக் குறைப்பதில்லை. வெட்கத்தைக் கூட்டித் திரிபை வலுப்படுத்துகின்றன.

குடிக்கும் காலத்தில் காணப்படும் திரிபுகள்

கீழ்க்காணும் எண்ணங்களுள் எவை உங்களுடையவை என்று நிதானமாகப் பாருங்கள். அவற்றை எவரிடமும் உடனே ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை.

"நினைத்தால் நிறுத்திவிடுவேன்."
சபரிமலைக்கு மாலையிட்ட நாள்களிலும் நோன்புக் காலங்களிலும் குடிக்காமல் இருந்ததைப் பலர் சான்றாகக் கூறுவர். அந்த மனவுறுதி உண்மையானது. சிகிச்சைக்கும் அது பயன்படும். ஆயினும் நிறுத்த முடிந்ததா என்பதுடன், மீண்டும் தொடங்கிய பின் அளவைக் கட்டுப்படுத்த முடிந்ததா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

"அளவாகத்தான் குடிக்கிறேன்."
மதுவின் அளவைக் கணக்கிட 10 கிராம் தூய ஆல்கஹாலை ஓர் அலகாகக் கொள்வது வழக்கம். 42.8 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட 180 மில்லி குவார்ட்டர் பாட்டில் ஒன்றில் சுமார் 60 கிராம், அதாவது ஆறு அலகுகள் உள்ளன. "ஒரு குவார்ட்டர்தான்" என்னும் சொல்லில் உள்ள "தான்" உடலுக்குத் தெரியாது. மதுவின் எந்த அளவும் உடல்நலத்திற்குப் பாதுகாப்பானதன்று என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்துள்ளது.

"பீர் மது அன்று, உடற்சூட்டைத் தணிக்கும்."
8 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட 650 மில்லி பீரில் சுமார் 40 கிராம் ஆல்கஹால் உள்ளது. மது சிறுநீரை அதிகமாக்கி உடலின் நீரைக் குறைக்கும். வெயிலில் உழைப்பவருக்கு இது தீங்கையே தரும்.

"உடல்வலிக்கும் தூக்கத்திற்கும் குடிக்கிறேன்."
மது விரைவில் உறக்கத்தைத் தரக்கூடும். ஆனால் இரவின் பிற்பகுதியில் உறக்கத்தைக் கலைக்கிறது. வலியைச் சிறிது நேரம் மறைக்கிறது. வலியின் காரணம் அப்படியே இருக்கிறது.

"காலையில் கொஞ்சம் குடித்தால்தான் கை நடுங்காது; அது எனக்கு மருந்து."
அந்த நடுக்கம் மது உடலிலிருந்து குறைவதால் ஏற்படும் விலகல் அறிகுறியாகும். நோயை உண்டாக்கியதே நோயைத் தற்காலிகமாகத் தணிப்பதால், அது மருந்துபோல் தோன்றுகிறது. இந்நிலையை அடைந்தவர் மருத்துவரை அணுகுவது மிக அவசியம்.

"வீட்டில் நிம்மதி இல்லை, அதனால் குடிக்கிறேன்."
வீட்டில் உண்மையிலேயே சிக்கல்கள் இருக்கலாம். ஆயினும் அவற்றுள் எத்தனை குடிக்கு முன்பே இருந்தன, எத்தனை குடிக்குப் பின் வந்தன என்று இரண்டு பட்டியல்களாக எழுதிப் பாருங்கள்.

நிறுத்துவதற்கு முன் ஓர் எச்சரிக்கை

"மன உறுதி இருந்தால் போதும், வீட்டிலேயே ஒரே நாளில் நிறுத்திவிடலாம்" என்பதும் ஒரு திரிபே. இது உயிருக்கு ஆபத்தானது. நாள்தோறும் அதிக அளவில் குடித்தவர் திடீரென நிறுத்தினால், சில மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, வாந்தி, பதற்றம் தொடங்கலாம். முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை மனக்குழப்பம், இல்லாதவற்றைக் காணுதல், காய்ச்சல், இதயப் படபடப்பு ஆகியவற்றுடன் கூடிய கடும் நிலை ஏற்படலாம். இவற்றுள் எது தோன்றினாலும் உடனே 108ஐ அழையுங்கள். மருத்துவக் கண்காணிப்பில் மருந்துகளுடன் நிறுத்தினால் இவற்றைப் பெரும்பாலும் தவிர்க்க இயலும்.

எலும்பு முறிவுக்கோ அறுவைச் சிகிச்சைக்கோ அனுமதிக்கப்படும்போது குடிப்பழக்கத்தை மறைப்பதும் இவ்வாறே ஆபத்தானது. வார்டில் இரண்டாம், மூன்றாம் நாளில் நோயாளி திடீரெனப் பிதற்றத் தொடங்கினால், காரணம் தெரியாமல் மருத்துவர்கள் பிற நோய்களைத் தேட நேரிடும். கடைசியாக எப்போது, எவ்வளவு குடித்தார் என்பதை அனுமதிக்கும்போதே கூறுங்கள். மருத்துவர் அதைக் கேட்பது உங்களைக் குறைகூற அன்று, உயிரைக் காக்கவே.

நிறுத்திய பின் எண்ணங்கள் மாறுவேடம் பூணும்

உடல் தெளிந்த பின்னரும் சிந்தனைத் திரிபு தானாக மறைவதில்லை. மீண்டும் குடிக்கும் வாய்ப்பு முதல் சில மாதங்களில் மிகுதி. அக்காலத்தில் எண்ணங்கள் வேறு வடிவில் வரும்.

• "இப்போது நலமாகிவிட்டேன், ஒரு முறை குடித்து என் கட்டுப்பாட்டைச் சோதித்துப் பார்க்கலாம்."
• "இத்தனை நாள் விட்டிருந்தேனே, எனக்கு ஒரு பரிசு வேண்டாமா?"
• "நான் குடியை விட்டும் வீட்டில் எவரும் என்னை நம்பவில்லை, பிறகு எதற்கு விட வேண்டும்?"
• பழைய நாள்களில் நண்பர்களுடன் சிரித்தது மட்டும் நினைவுக்கு வருதல். சாக்கடையோரம் விழுந்ததும் மருத்துவமனையில் கிடந்ததும் மறைந்துபோதல்.

இவற்றைவிட நுட்பமானவை, குடியோடு தொடர்பே இல்லாதவைபோல் தோன்றும் சிறு முடிவுகள். ஓர் எடுத்துக்காட்டைக் கருதுங்கள். கட்டட வேலை செய்யும் ஒருவர் 40 நாள்களாகக் குடிக்கவில்லை. சனிக்கிழமை மாலை வாரக்கூலி கைக்கு வருகிறது. வழக்கமாக இறங்கும் நிறுத்தத்திற்கு ஒரு நிறுத்தம் முன்னதாகவே பேருந்திலிருந்து இறங்குகிறார். "மகளுக்கு நோட்டு வாங்கிக்கொண்டு நடந்து போகலாம்" என்பது காரணம். கடைவீதியில் பழைய நண்பரின் நினைவு வருகிறது. "அவர் தர வேண்டிய 200 ரூபாயைக் கேட்டு வாங்கிவிடலாம்" என்று தேடிச் செல்கிறார். அந்த நண்பர் அந்நேரத்தில் எங்கே இருப்பார் என்பது அவருக்கு முன்பே தெரியும். மதுக்கூடத்தின் வாயிலில் நிற்கும்போது "நான் குடிக்க வரவில்லை" என்றே அவர் உண்மையாக நம்புகிறார்.

இவரைக் காக்க வேண்டிய இடம் மதுக்கூடத்தின் வாயில் அன்று, பேருந்தின் படிக்கட்டு. கூலியை மனைவி நேரில் வந்து பெற்றுக்கொள்வது, சனிக்கிழமைகளில் குடிக்காத உறவினர் ஒருவருடன் வீடு திரும்புவது, நோட்டை ஞாயிறு காலையில் மகளையும் அழைத்துச் சென்று வாங்குவது என முன்கூட்டியே திட்டமிட்டிருந்தால், பிற்பாடு மன உறுதியைக் கடும் சோதனைக்கு உள்ளாக்க வேண்டியதில்லை.

ஒருமுறை தவறினால்

"ஒரு முறை குடித்துவிட்டேன், எல்லாம் போயிற்று. இனி விட்டென்ன, விடாமலென்ன?" மீட்சியில் மிகுந்த கேடு விளைவிக்கும் எண்ணம் இதுவே. அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் இதனை விரிவாக ஆராய்ந்தார். முதல் கோப்பையைத் தொடர்ந்து வரும் குற்றவுணர்வும் கைவிட்ட மனநிலையும் ஒருநாள் தவற்றைத் தொடர்குடியாக மாற்றிவிடுகின்றன என்று அவர் விளக்கினார்.

தவறு நேர்ந்தால் அன்றே செய்ய வேண்டியவை: எஞ்சிய மதுவைக் கொட்டிவிடுங்கள். அந்த இடத்தைவிட்டு அகலுங்கள். உங்களுக்கு உதவும் ஒருவரிடம் கூறுங்கள். டைசல்ஃபிரம் மாத்திரை உட்கொள்பவராக இருந்தால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அடுத்த நாளே சிகிச்சை மையத்திற்கு வாருங்கள். 40 நாள்கள் குடிக்காமல் இருந்தபோது உடல் பெற்ற நலமும் நீங்கள் கற்ற வழிகளும் ஒரே மாலையில் அழிந்துவிடுவதில்லை. எந்த எண்ணம் உங்களை அங்கே அழைத்துச் சென்றது என்பதைக் கண்டறிந்தால், அந்தத் தவறே அடுத்த பாடமாகும்.

எண்ணங்களைத் திருத்தும் முறை

1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஏரன் பெக் உருவாக்கிய சிந்தனைச் சிகிச்சை முறை, பின்னர் மது, போதைப்பொருள் சிகிச்சைக்கும் விரிவாக்கப்பட்டது. அதன் அடிப்படை எளிது: எண்ணம் தோன்றுவதைத் தடுக்க இயலாது, தோன்றிய எண்ணத்தைச் சோதிக்க இயலும். ஒரு சிறு நோட்டில் கீழ்க்கண்டவாறு எழுதிப் பழகுங்கள்.

1. சூழல்: எங்கே, எப்போது, யாருடன் இருந்தேன்? (சனி மாலை, கூலி கையில், தனியாக.)
2. எண்ணம்: மனம் கூறிய சொற்கள் எவை? ("இன்று மட்டும் ஒன்று.")
3. சான்று: இதற்கு முன் "இன்று மட்டும்" என்று தொடங்கிய நாள்களில் என்ன நடந்தது? (மூன்று முறையும் ஒன்றோடு நிற்கவில்லை, திங்களன்று வேலைக்குச் செல்லவில்லை.)
4. மாற்று எண்ணம்: நேர்மையான கூற்று எது? ("எனக்கு ஒன்று என்பது ஒன்றாக இருந்ததில்லை. இன்று களைப்பாக உள்ளது. எனக்குத் தேவை உணவும் ஓய்வும்.")
5. செயல்: அடுத்த அரை மணி நேரத்தில் என்ன செய்வேன்?

ஐந்தாவது கேள்வி முக்கியமானது. குடிவேட்கை அலையைப் போன்றது. எழும், உச்சம் அடையும், தணியும். அதற்கு இடங்கொடாவிட்டால் பெரும்பாலும் அரை மணி நேரத்திற்குள் அதன் வேகம் குறையும். அந்த நேரத்தில் நீர் அருந்துங்கள், உணவு உண்ணுங்கள், குளியுங்கள், நடந்து செல்லுங்கள், ஒருவரிடம் பேசுங்கள். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கும் வேட்கையைத் தூண்டுபவை. முதலில் அவற்றைக் கவனியுங்கள். எழுதப் படிக்க இயலாதவர்கள் இதே ஐந்து கேள்விகளை ஆலோசகரிடமோ குடும்பத்தினரிடமோ வாய்மொழியாகப் பேசிப் பயிலலாம்.

எல்லாம் எண்ணத்தின் பிழை அன்று

சில மாற்றங்கள் பேச்சினால் தீர்வன அல்ல. பின்வருவனவற்றுக்கு மருத்துவப் பரிசோதனை உடனடியாகத் தேவை.

• நடையில் தள்ளாட்டம், கண் அசைவில் கோளாறு, மனக்குழப்பம்: இவை தயமின் என்னும் வைட்டமின் பி1 குறைபாட்டால் ஏற்படலாம். தாமதித்தால் நினைவாற்றல் நிலையாகப் பாதிக்கப்படும். அவ்வாறு பாதிக்கப்பட்டவர் நடக்காதவற்றை நடந்ததாகக் கூறக்கூடும். அது பொய்யன்று, நோயின் அறிகுறி.
• காதில் குரல்கள் கேட்டல், மனைவி அல்லது கணவர்மீது ஆதாரமற்ற, அசைக்க முடியாத ஐயம்.
• தொடர்ந்த சோர்வு, வாழ்வில் பிடிப்பின்மை, தற்கொலை எண்ணம்: இத்தகையவரைத் தனியே விடாதீர்கள்.

குடும்பத்தினரின் எண்ணங்களும் திரியக்கூடும்

பல ஆண்டுகள் நோயாளியுடன் வாழ்பவர்களின் சிந்தனையும் துன்பத்தால் வளைந்துபோவது உண்டு.

"திருமணம் செய்துவைத்தால் திருந்திவிடுவான்." திருமணம் குடிநோய்க்குச் சிகிச்சை அன்று. சிகிச்சை பெறாத நோயின் சுமையை, அறியாத ஒருவர்மீது ஏற்றுவதாகவே அது முடியும்.

"என்மீது தவறு, நான் சரியாக இருந்தால் குடிக்க மாட்டார்." நீங்கள் இந்நோயை உண்டாக்கவில்லை. அவருடைய குடியைக் கட்டுப்படுத்தும் பொறுப்பும் உங்களுடையதன்று. சிகிச்சைக்குத் துணைநிற்க மட்டுமே உங்களால் இயலும்.

"கடனை அடைத்துவிட்டால் நிம்மதியாகி விட்டுவிடுவார்." குடியின் விளைவுகளை ஒவ்வொரு முறையும் பிறர் துடைத்துவிடும்போது, "பெரிய பாதிப்பு இல்லை" என்ற திரிபுக்கு அதுவே சான்றாகிவிடுகிறது.

"தெரியாமல் உணவில் மருந்து கலந்து கொடுத்தால் போதும்." இதை ஒருபோதும் செய்யாதீர்கள். டைசல்ஃபிரம் உட்கொண்டவர் அதை அறியாமல் குடித்தால் இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிரிழக்கவும் நேரிடலாம். நோயாளியின் அறிவும் ஒப்புதலும் இன்றி அம்மருந்தை அளிக்கக் கூடாது. மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைப்பதை மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 தடை செய்கிறது. அச்சட்டம் மது, போதைப்பொருள் தொடர்பான மனநல நிலைகளையும் உள்ளடக்கியது. "கட்டிவைத்துக் குணப்படுத்துகிறோம்" என்று கூறும் இடங்களை நம்பாதீர்கள்.

போதையில் இருப்பவருடன் வாதிடாதீர்கள். அவர் தெளிவாக இருக்கும் காலை வேளையில், பிள்ளைகள் இல்லாத இடத்தில், நடந்ததை மட்டும் கூறுங்கள். "நீ ஒரு குடிகாரன்" என்பதற்குப் பதிலாக, "செவ்வாய்க்கிழமை இரவு நீங்கள் கீழே விழுந்தீர்கள். மகன் பயந்து அழுதான். எனக்கும் பயமாக இருந்தது. நாம் மருத்துவரைப் பார்ப்போம்" என்று கூறலாம். வன்முறை நேர்ந்தால் முதலில் உங்களையும் பிள்ளைகளையும் பாதுகாத்துக்கொள்ளுங்கள். பெண்கள் 181 என்ற உதவி எண்ணை அழைக்கலாம். வன்முறையைப் பொறுத்துக்கொள்வது சிகிச்சையின் பகுதி அன்று.

சிகிச்சையும் உதவியும்

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள், மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் ஆகியவற்றின் மனநலப் பிரிவை அணுகுங்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமும் தொடங்கலாம். விலகல் அறிகுறிகளுக்கான சிகிச்சை, தயமின் ஊசி, குடிவேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள், தனிநபர் மற்றும் குடும்ப ஆலோசனை ஆகியவை நோயாளியின் நிலைக்கேற்ப அளிக்கப்படும். கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைக்குப் பின் மருத்துவரே மருந்தைத் தேர்ந்தெடுப்பார். மருந்து உடலுக்கு அவகாசம் தருகிறது. அந்த அவகாசத்தில் சிந்தனையைத் திருத்தும் பயிற்சி நிலைபெறுகிறது. 1935இல் அமெரிக்காவில் தொடங்கி இன்று பல நாடுகளில் இயங்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்களின் கூட்டங்கள் தமிழிலும் நடைபெறுகின்றன. தம்முடைய எண்ணத்தையே மற்றொருவர் வாயால் கேட்கும்போது, அதிலுள்ள திரிபு எளிதில் புலப்படும்.

உதவி எண்கள்:
• டெலி மானஸ் மனநல ஆலோசனை: 14416
• தேசிய போதை மீட்பு உதவி எண்: 14446
• அவசர ஊர்தி: 108

குடிநோயிலிருந்து மீள்வது ஒரே நாளில் எடுக்கும் முடிவன்று. நாள்தோறும் செய்யும் பயிற்சி. "இன்று மட்டும் குடிக்கலாம்" என்று மனம் கூறும் நேரத்தில், "இன்று மட்டும் குடிக்காமல் இருப்பேன்" என்று விடை கூறக் கற்றுக்கொண்டவர்கள் பலர் இன்று நலமாக வாழ்கின்றனர். உங்களுக்கும் உங்கள் குடும்பத்தினருக்கும் அது இயலும். அடுத்த வெளிநோயாளர் நாளிலேயே வாருங்கள். குடித்திருந்தாலும் வாருங்கள்.